எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கும்

மகள் கூப்பிட்டபோது அவளுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. வழக்கமாக அவள் ஃபோன் செய்தால் குரலோடு சேர்ந்து அவள் வீடே வந்துவிடும். துணி துவைக்கும் மெஷின் தடதடக்கும், ஜன்னலுக்குக் கீழே ஏதாவது வண்டி உறுமும், மாப்பிள்ளை தள்ளி நின்று சாவியைக் காணோம் என்று புலம்பிக்கொண்டிருப்பார். இன்றைக்கு ஒன்றுமே இல்லை. பூட்டிய அலமாரிக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி குரல் மட்டும் தனியாக வந்தது.

“அப்பா, நான்தான்.”

“சொல்லு பாப்பா. எங்கேர்ந்து பேசற, சத்தமே காணோமே?”

“வீட்டுலேர்ந்துதான்பா.”

அதற்கு மேல் ஆராய அவருக்கு நேரமில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இருட்டுவதற்குள் நரம்பு டாக்டர் வீடியோவில் வந்துவிடுவார். உள் அறையில் அவர் மனைவி கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை இது, இன்றைக்கு விட்டால் மறுபடி எப்போது என்று ஆஸ்பத்திரி நர்ஸுக்கே தெரியாது. டாக்டரைப் பார்க்க ஒரு ஆப் வேண்டும், ஆப் இறங்க ஃபோனில் இடம் வேண்டும், ஃபோனோ காலையிலிருந்து ‘சேமிப்பிடம் போதவில்லை’ என்று ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தது.

காலையிலேயே மகளிடம் இதைச் சொல்லி அழாத குறையாகப் புலம்பியிருந்தார். சாயங்காலம் கூப்பிடுகிறேன், சேர்ந்தே செய்யலாம், அதுவரைக்கும் எதையும் தொட வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால்தான் ஃபோன் அடித்ததும், நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியைக்கூடக் கீழே இறக்காமல், பச்சையை இழுத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“பயமா இருக்கு பாப்பா. ஏதாவது தேவையானது போயிடுச்சுன்னா?”

“பயப்படாதீங்கப்பா. எதுவும் போகாது. நீங்க அங்க அழிச்சா, இங்க எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கும். என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா படிங்க.”

படிக்கச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் அவர் ஒரு அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு கீப்பர். பழைய ஃபைல்களைக் கழிக்கிற நாளில், அதிகாரி நாற்காலியில் சாய்ந்திருப்பார். இவர் ஒவ்வொரு ஃபைலாக எடுத்து மேலே எழுதியிருப்பதை உரக்கப் படிப்பார். அதிகாரி தலையைக்கூடத் தூக்காமல் “போகட்டும்” என்பார். ஃபைல் சாக்குக்குள் விழும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அவர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கழித்ததில்லை. அந்த ஒரு வார்த்தை வந்தபின் ஏன் என்று கேட்டதும் இல்லை. ஒருமுறை அதிகாரி தூங்கிவிட, அவர் விழிக்கும்வரை இவர் கையில் ஃபைலோடு அப்படியே நின்றிருந்தார். மேலே இருப்பவர் சொன்னால் போட்டிருக்கிற சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

“எங்க ஆபீஸ்ல ‘போகட்டும்’னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி நீ சொல்லு பாப்பா. அப்பதான் எனக்குக் கை வரும்.”

புது ருசியை நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி, “போகட்டும்,” என்றது குரல்.

முதலில் காலை வணக்கங்கள் போயின. கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட் தினமும் விடாமல் அனுப்புபவை. சூரியன், ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை, இந்த நாள் இனிய நாளாகட்டும். அந்த வாழ்த்துகளில் கால்வாசி பலித்திருந்தால்கூட ரெக்கார்டு கீப்பர் இந்நேரம் மாளிகையில் இருந்திருக்க வேண்டும். “ரோஜா, ரெண்டு,” என்று அவர் படிப்பார். “போகட்டும்,” என்று வரும். கட்டைவிரல் அழுத்தும். பழைய வேலை திரும்பக் கிடைத்ததுபோல் அவருக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

“இன்னும் பத்தலப்பா. படங்களுக்குப் போங்க.”

மழைக்கு முந்தின காற்று வீட்டுக்குள் புகுந்து சுற்றியது. பால்கனிக் கொடியில் மனைவியின் சேலை ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது, சமையலறைக் குழாய் சொட்டியது, உள் அறையிலிருந்து தைல வாசனையோடு அவள் மூச்சு வந்தது. வாதத்துக்குப் பின் அவள் மூச்சில் மெல்லிய விசில் ஒன்று சேர்ந்திருந்தது. அது கேட்கிறவரை அவருக்கு நிம்மதி.

“உங்கம்மா. பால்கனியில துணி காயப்போடறா.”

“போகட்டும்.”

அழுத்தினார். படம் சுருங்கி ஓரமாக ஒதுங்கி மறைந்தது. கொடியில் அடித்துக்கொண்டிருந்த சேலை நின்றது. காற்று விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தால் எதிர்வீட்டு மரம் தலைவிரித்து ஆடிக்கொண்டுதான் இருந்தது. கொடி வெறுமையாகத் தெரிந்தது. சேலை பறந்து கீழே விழுந்திருக்கும், பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம்.

அதே நேரம் மகளின் குரலுக்குப் பின்னால் முதல் தடவையாக ஒரு சத்தம் கேட்டது. ஈரத்துணி காற்றில் படபடக்கிற சத்தம். அவருக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. மகள் வீட்டிலும் காற்று அடிக்கிறது.

“உங்கம்மா. அடுப்புக்கு முன்னாடி. போட்டோ எடுக்காதீங்கன்னு கரண்டியைத் தூக்கிக் காட்டறா.”

“போகட்டும்.”

சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்தியது. அந்தப் பக்கம், ஃபோனுக்குள், ஒரு குழாய் சொட்டத் தொடங்கியது. பாத்திரத்தின்மேல் கரண்டி உரசியது.

அடுத்த படத்தில் அவர் நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துத் தந்தது. எதற்கோ அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். வாய் கோணுவதற்கு முன்னால் எடுத்த கடைசிப் படம் அதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எத்தனை தடவை அதைத் திறந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார் என்பது அவருக்கே கணக்கில்லை.

“இது இருக்கட்டுமே பாப்பா. உங்கம்மா சிரிக்கிறா.”

“என்கிட்ட வந்துடும்பா. பத்திரமா இருக்கும். டாக்டர் வர நேரமாகுதுல்ல? போகட்டும்.”

டாக்டர் என்ற சொல் வேலை செய்தது. அழுத்திவிட்டார். ஃபோனுக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு பெண் சிரித்தாள். மகள்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

அப்போது உள்ளே கட்டில் கம்பியில் ஸ்பூன் தட்டும் சத்தம் கேட்டது. ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் அவள் அப்படித்தான் தட்டுவாள், மெதுவாக, தொந்தரவு தருகிறோமே என்ற கூச்சத்தோடு. இப்போது அப்படி இல்லை. கம்பி பெயர்ந்து வந்துவிடும்போல அடித்தாள்.

ஃபோனோடு எழுந்து போனார். அவள் தலையைத் தலையணையிலிருந்து தூக்க முயன்றுகொண்டிருந்தாள். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. கண்கள் அவரைப் பார்க்கவில்லை, அவர் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தன. தலை இப்படியும் அப்படியும் ஆடியது. வேண்டாம், வேண்டாம் என்பது மாதிரி.

“என்னம்மா? தண்ணியா?”

டம்ளரை வாயில் வைத்தார். அவள் தலையை உதறினாள். தண்ணீர் தலையணையில் கொட்டி ஊறியது. அவர் குனிந்த நேரத்தில் அவள் ஸ்பூனை ஓங்கி ஃபோனின்மேல் அடித்தாள். நல்லவேளை, விளிம்பில்தான் பட்டது.

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மாதக்கணக்காகத் தூங்காமல் அடக்கிவைத்த, யாரிடமும் காட்ட முடியாத கோபம் எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து சேர்ந்தது.

“அறிவிருக்கா உனக்கு? யாருக்காக இந்தப் பாடுபடறேன்? உனக்காகத்தானே?”

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பூனைப் பிடுங்கி, அவள் கைக்கு எட்டாமல் அலமாரிமேல் வைத்தார். அவள் அவரையே பார்த்தாள். திறக்காத உதட்டின் ஓரத்தில் ஏதோ ஒரு சொல் வந்து வந்து திரும்பிப் போனது. அவர் கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தார்.

“அம்மா தொந்தரவு பண்றாங்களாப்பா?”

“விடு. நீ சொல்லு.”

“படிங்க.”

படித்தார். உங்கம்மா, கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறா. போகட்டும். உங்கம்மா, உன்னைத் தூக்கி வெச்சிருக்கா, பழைய போட்டோவை ஃபோன்ல படம் எடுத்தது. போகட்டும். உங்கம்மா, ஆஸ்பத்திரியில. போகட்டும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. பேப்பர் சரசரத்தது. வளையல் ஒன்று மேஜையில் இடித்தது. யாரோ குழந்தையைத் தட்டித் தூங்கவைத்தார்கள். முதலில் பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் இப்போது ஒரு முழு வீட்டின் நடுவிலிருந்து பேசியது.

இங்கே ஹாலில், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்த மெல்லிய விசிலைத் தவிர எதுவுமே கேட்கவில்லை. மழை விழத் தொடங்கியிருந்தது, ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவது தெரிந்தது. சத்தம் இல்லை. தைல வாசனையும் இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு நேரம் பேசியதில், அவர் முதலில் சொல்லாத ஒரு விஷயத்தைக்கூட மகள் தானாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்கவில்லை. எது எந்தப் படம் என்று அவர் சொல்லச் சொல்லத்தான் அந்தக் குரலுக்குத் தெரிந்தது. டாக்டர் வருவதைக்கூட அவர்தான் காலையில் இந்த ஃபோனில் புலம்பியிருந்தார்.

படங்களுக்குத் தேவைப்படாத கண்ணாடியை இப்போது இறக்கித் திரையின் மேல்பகுதியைப் பார்த்தார். பேசிக்கொண்டிருப்பவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. எண்ணும் இல்லை.

“பாப்பா,” என்றார். “நீ... பாப்பாதானே?”

“அடுத்தது படிங்கப்பா.”

திரையில் அடுத்த படம் தானாக வந்து நின்றது. வாய் பழக்கத்தில் ஓடியது. “உங்கம்மா. கட்டில்ல. கண்ணு திறந்திருக்கு.”

“போகட்டும்.”

விரல் அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் புத்தி வந்தது. அந்தப் படத்தில் தலையணை நனைந்திருந்தது. அவள் கையில் ஸ்பூன் இல்லை. அப்படி ஒரு படத்தை அவர் எடுக்கவே இல்லை.

உள்ளே விசில் நின்றது.

ஓடினார். கதவைத் தள்ளினார். கட்டில் இருந்தது. விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. தலையணை காய்ந்திருந்தது. அவள் இல்லை. அவள் கிடந்த பள்ளம்கூட மெத்தையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்து நிற்க முடியாதவள் எங்கே போவாள்.

கையில் ஃபோன். அதிலிருந்து மெல்லிய விசில். உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

“எங்க அவ? எங்க வெச்சிருக்க அவளை?”

“என்கிட்ட பத்திரமா இருக்காங்கப்பா. சொன்னேன்ல.”

“திருப்பிக் குடு. உன் கால்ல விழறேன். நீ யாரா வேணா இரு, அவளைத் திருப்பிக் குடு.”

“குடுக்கலாமே. ஆனா அங்க இடம் வேணுமில்ல? இன்னும் ஒண்ணே ஒண்ணு போனா போதும்.”

ஃபோன் அதிர்ந்தது. பேச்சுக்கு நடுவே இன்னொரு அழைப்பு. திரை முழுக்க ஒரு முகம். கல்யாணத்தன்று எடுத்த படம், அதைத்தான் அவர் மகளின் எண்ணுக்கு வைத்திருந்தார். கீழே ‘பாப்பா’ என்று பெயர். சொன்னபடி சாயங்காலம் கூப்பிடுகிறாள். உண்மையான மகள்.

“அது யாருப்பா?” என்றது குரல். ஆசையாகக் கேட்டது.

உதட்டைக் கடித்துக்கொண்டார். ரத்தம் உப்புக் கரித்தது. சொல்லமாட்டேன். சொன்னால்தானே.

“ஏங்க.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் குரல். கோணாத வாயிலிருந்து வருகிற, தெளிவான, பழைய குரல். அதை இனி இந்த ஜென்மத்தில் கேட்கப்போவதில்லை என்று எத்தனை இரவு தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறார்.

“ஏங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அவளைச் சொல்லாதீங்க. என்னை விட்டுடுங்க. என்ன ஆனாலும் அவளைச் சொல்லாதீங்க.”

கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. விளங்கியும், அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் பேசாதா என்றுதான் ஏங்கினார். மகள் தூரத்தில் இருக்கிறாள். அவளுக்குப் புருஷன் இருக்கிறான், வீடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற முகம். இவள் இல்லாத இந்த வீட்டில் இன்று ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது. மகளைப் பிறகு எப்படியாவது மீட்டுக்கொள்ளலாம். ஏதாவது வழி இருக்கும். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது.

திரையில் மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

“என் பொண்ணு,” என்றார். ரெக்கார்டு ரூமில் படிக்கிற அதே குரலில், உரக்க, பிசிறில்லாமல். “கல்யாணத்தன்னைக்கு.”

“போகட்டும்.”

அதிர்வு பாதியில் நின்றது. முகம் சுருங்கியது. ஓரமாக ஒதுங்கியது. மறைந்தது.

சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை.

பிறகு, அவர் தலைக்கு மேலே, கட்டில் கிறீச்சிட்டது. கனம் ஏறிய சத்தம்.

“வந்துட்டியா,” என்று அழுதுகொண்டே கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். விரிப்புக்குக் கீழே உடம்பு தெரிந்தது. அவள் சேலை. அவள் அகலம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. தோளைத் தொட்டார். சில்லென்று இருந்தது.

அது திரும்பியது. வலது பக்கம், இடது பக்கம் என்று பேதமில்லாமல், சுலபமாகத் திரும்பியது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. காயமில்லை. ரத்தமில்லை. துடைத்துக் கவிழ்த்த தட்டு மாதிரி வழவழவென்று காலியாக இருந்தது. கண் வைக்க, மூக்கு வைக்க, வாய் வைக்க நிறைய இடம்.

“அப்பா?”

ஃபோனிலிருந்து வந்தது. மகளின் குரல். பயந்த குரல். தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி.

“அப்பா, நான் உங்களைத்தானே கூப்பிட்டுட்டு இருந்தேன். இங்க ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு? அம்மா என் கையைப் பிடிச்சுட்டு அழறாங்க. அம்மா பேசறாங்கப்பா. எப்படிப் பேசறாங்க? அப்பா, எங்களைக் கூட்டிட்டுப் போங்க.”

கட்டிலில் இருந்தது எழுந்து உட்கார்ந்தது. வாயில்லாத அந்த வழவழப்பிலிருந்து மகளின் குரலிலேயே பேசியது. அதற்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

“இங்க வந்து உக்காருங்கப்பா.”

உட்கார்ந்தார். அது அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது.

“இப்ப எவ்வளவு இடம் பாருங்க. அந்த ஃபோன் இனிமே எதுக்கு? அணைச்சுடுங்க. போகட்டும்.”

ஃபோனுக்குள் இருவரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். அப்பா என்று ஒருத்தி, ஏங்க என்று ஒருத்தி. வேண்டாம் என்பதை இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ரெக்கார்டு கீப்பர் வாயைத் திறந்து அலறப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. அவர் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே ஃபோனின் பக்கவாட்டில் ஊர்ந்து போய், பொத்தானைக் கண்டுபிடித்து, அழுத்தத் தொடங்கியது.